பீங்கானில் விழுந்த முள்

உங்கள் கத்தி புதன்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. உங்கள் மூத்த மகள் கொண்டுவந்தாள். பழைய பத்திரிகைத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி வெள்ளை நூலால் கட்டியிருந்தாள்.

"வாப்பா சொல்லி வச்சிருந்தவர் சேர், மெல்லிய கத்தி உங்களுக்கெண்டு," என்றாள்.

வாங்கி மேசையில் வைத்தேன். அவள் தேநீர் குடித்துவிட்டுப் போகும்வரை பிரிக்கத் துணியவில்லை. போன பிறகு முடிச்சை அவிழ்த்துத் தாளை விலக்கினேன். முதலில் மணம்தான் வந்தது. தேசிக்காய்ப் புளியும் உப்பும், அவற்றுக்கு அடியில், எத்தனை தரம் கழுவினாலும் மரப்பிடியை விட்டுப் போகாத மீன் மணமும். சந்தையில் உங்கள் மேசைக்கு முன்னால் நின்ற நாட்களில் என் சட்டையிலும் இதே மணம் ஏறியிருக்கும். உள்ளறையிலிருந்து என் மனைவி, "ஆர், காக்கா வந்திரிக்காரா?" என்று கேட்டாள். அண்ணன் முறையில் நான் உங்களை அழைக்கும் சொல் அவள் வாயிலும் வந்துவிட்டது.

உங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுவே முதல் தடவை. நீளமாக எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். என் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, "இவ்வளவையும் வாசிச்சு முடிக்கக்குள்ள மீன் நாறிப் போகும் சேர்," என்று சொன்னவர் நீங்கள். ஆனாலும் இன்று நடந்த ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் நடந்தவற்றை ஒழுங்காகச் சொல்லாமல் அதைச் சொல்ல எனக்கு வராது. முப்பது வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவனின் பழக்கம் இது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மேசைக்கு நான் முதலில் வந்தபோது, என் மனைவிக்குப் பாரிசவாதம் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வலது காலும் வலது கையும் விழுந்திருந்தன. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. விழுங்குவதுதான் சிரமம். மென்மையான சாப்பாடு கொடுக்கலாம், மீன் கொடுப்பதென்றால் முள் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். முள் என்ற சொல்லைக் கேட்டதும் மீனையே விட்டுவிட்டேன். குழைந்த சோறும் மசித்த பூசணிக்காயும் கொடுத்தேன். அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. கிழமைக்கு ஒரு தரம் நிறுத்துப் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். எழுதுவதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியாமல் இருந்தேன்.

எங்கள் வீட்டில் முள் எடுப்பது எப்போதும் அவள் வேலை. சின்ன வயதில் தொண்டையில் முள் மாட்டி அவதிப்பட்டவன் நான். அந்தப் பயம் பிறகு என்னை விடவேயில்லை. திருமணமான முதல் கிழமையே அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். நாற்பத்தொரு வருடம் என் சோற்றுக் கோப்பையில் மீன் முள்ளில்லாமல்தான் வந்தது. அவள் எப்படி எடுத்தாள் என்று ஒரு நாளாவது நான் பார்த்ததில்லை.

ஒரு மத்தியானம் அவள், "பால்மீன் பாலாணம் வச்சுத் தாங்க," என்றாள். நான்கு மாதத்தில் அவள் வாயைத் திறந்து கேட்ட முதல் சாப்பாடு அது. தேங்காய்ப்பாலில் வைக்கும் அந்தக் கறியை வைப்பது பெரிய வேலையில்லை. மீனோ, உடம்பெல்லாம் மயிர்போல முள் ஓடும் மீன்.

மூன்று நாள் சந்தையில் ஓரமாக நின்றேன். யார் மேசையில் வெட்டிய எலும்பில் தசை குறைவாக மிஞ்சுகிறது என்று கவனித்து எழுதிக்கொண்டேன். மூன்று நாளும் உங்கள் மேசைதான். மூன்றாம் நாள் நீங்கள் தலையை நிமிர்த்தாமலே கேட்டீர்கள்.

"சேர், மூணு நாளா நிக்கிறீங்க. மீன் வாங்க வந்தீங்களா, இல்லாட்டி மீனுக்குப் பாடம் எடுக்க வந்தீங்களா?"

உங்கள் மகள் உயர்தர வகுப்பில் என்னிடம் விலங்கியல் படித்தவள் என்பது அப்போது எனக்கு நினைவில் இல்லை. நீங்கள் என்னை மறந்திருக்கவில்லை. விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னேன். நோய், தொண்டை, ஆஸ்பத்திரியில் சொன்னது, எல்லாம். "முள் ஒன்றுகூட இருக்கக் கூடாது காக்கா," என்றேன்.

"என்ன மீன்?"

"பால்மீன்."

நீங்கள் கத்தியைக் கட்டையில் வைத்துவிட்டீர்கள். "சேர், அதுக்குள்ள மீனவிட முள்ளுதான் கூட. எங்கட பொம்புளயளே குறுக்கால குறுக்கால கீறிப்போட்டு, பொரிச்சு முள்ளோட திண்டுருவாங்க. கொடுவா கொண்டு போங்க. ரெண்டு பக்கமும் சதைய மட்டும் தனியா எடுத்துத் தாறன்."

எடுத்தும் தந்தீர்கள். செவுளுக்குப் பின்னால் சரிவாக ஒரு வெட்டு. கத்தி நடுமுள்ளைத் தொட்டதும் படுக்க வைத்து, வால்வரை ஒரே ஓட்டம். மீனைப் புரட்டி மறுபக்கமும் அப்படியே. இரண்டு துண்டு சதையும், நடுவில் தலையோடும் வாலோடும் ஒரு முழு எலும்புக்கூடும் மேசையில் கிடந்தன. முப்பது வருடமாக நான் நிறச் சுண்ணக்கட்டியால் வரைந்த படம் அச்சொட்டாக அங்கே கிடந்தது. வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று மனைவி கொடுவாவில் நாலு வாய் சாப்பிட்டாள். "நல்லாத்தான் இரிக்கு," என்றாள். "ஆனா இது பால்மீன் இல்லயே."

மறுநாள் இதைச் சொன்னபோது சிரித்தீர்கள். பிறகு யோசித்தீர்கள். "பால்மீன் எண்டா ஒரு மணித்தியாலம் குந்தி இருந்து முள் புடுங்கணும் சேர். இந்த மேசையில அது நடக்காது, சனம் பின்னால நிண்டு ஏசும். கத்திய உங்களுக்குப் பழக்கி விடுறன். மறுகா நீங்க வீட்ட ஆறுதலா இருந்து புடுங்குங்க."

அப்போதுதான் வெட்கத்தோடு உண்மையைச் சொன்னேன். என் கையால் ஒரு மீனைக்கூட வெட்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் வெட்டிக் காட்டியதெல்லாம் ஆய்வுகூட உதவியாளர். நான் பலகையில் வரைந்து பெயர் குறித்தேன்.

"அப்ப மீனத் தொடாமலேயா சேர் முப்பது வருசமா மீன் படிப்பிச்சீங்க?"

"ஓம்."

"எங்கட மகளும் அதத்தான் படிச்சிரிக்கா?"

"ஓம்."

"அல்லாஹ். நல்ல வேள, அவ பாஸ் பண்ணிட்டா."

மேசை ஒதுங்கும் நேரம் பார்த்து, பதினொரு மணிக்குப் பிறகு வரச் சொன்னீர்கள். பழகுவதற்கு நம் வாவியில் மலிந்து கிடக்கும் யப்பான் மீனைத் தந்தீர்கள். முதல் மீனில் சதையில் பாதி எலும்போடு போய்விட்டது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இண்டைக்குப் பூனைக்குப் பெருநாள்," என்றீர்கள். இரண்டாவதில் வயிற்றுப்புறம் கிழிந்தது. நான் கத்தியை அழுத்திப் பிடித்து அறுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என் மணிக்கட்டை இரண்டு விரலால் தொட்டீர்கள். "அறுக்காதீங்க சேர். நடுமுள்ளுக்கு மேலால கத்திய நடக்க விடுங்க. சத்தத்தக் கேளுங்க." அப்படியே விட்டுப் பார்த்தேன். கத்தி விலா முட்களின் மேல் ஏறி இறங்கும்போது, சீப்பின் பல்லை நகத்தால் வருடுவதுபோல ஒரு நறநறப்பு கேட்டது. அந்தச் சத்தம் நின்றால் கத்தி சதைக்குள் போய்விட்டது என்று அர்த்தம். எந்தப் புத்தகத்திலும் நான் இதை வாசித்ததில்லை. கொப்பியில் எழுதி அடிக்கோடிட்டேன்.

தோலை உரிக்கக் கத்தியைத் தள்ளக் கூடாது, வால் நுனியை உப்புத் தொட்ட விரலால் பிடித்துத் தோலைத்தான் இழுக்க வேண்டும் என்பதை ஐந்தாம் நாள் கற்றேன். என்னைவிட ஏழு வயது இளையவரான உங்களை நான் காக்கா என்று அழைப்பதைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர் கேலி செய்ததும் அன்றுதான். "விடு, சேர் வாயால காக்கா எண்டு கேக்க எனக்கு வயசு கூடினாலும் பறவாயில்ல," என்றீர்கள்.

பால்மீன் வேறு கதை. அதை வயிற்றால் திறந்தால் சரிவராது, முதுகால் பிளக்க வேண்டும் என்று சொன்னது நீங்கள். நடுமுள்ளையும் விலா முட்களையும் எடுத்த பிறகும் சதைக்குள் எதனோடும் ஒட்டாமல் மெல்லிய கவர் முட்கள் நிற்கும், முதுகுப் பக்கம் ஒரு வரிசை, நடுவில் ஒன்று, வயிற்றுப் பக்கம் ஒன்று என்று சொன்னது நான். கொப்பியில் வரைந்து காட்டினேன். நீங்கள் படத்தையும் மீனையும் மாறி மாறிப் பார்த்து, கத்தி நுனியால் அந்த வரிசைமேல் மயிரளவு ஒரு கோடு கீறினீர்கள். முள் நுனிகள் வெளியே தெரிந்தன. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். உங்கள் விரல் தடிப்பு, முள்ளைப் பிடிக்க வரவில்லை. என் சட்டைப் பையில் பழைய ஆய்வுப் பெட்டியிலிருந்து எடுத்துவந்த சாவணம் இருந்தது. இரண்டு கவட்டுக்கும் நடுவில் மெல்லிய பொருளைப் பிடிக்கும் அந்தக் கருவியைப் பார்த்ததும், "இது எங்க சேர் இவ்வளவு நாளும் இருந்தது?" என்றீர்கள். அலுமாரியில்தான் இருந்தது. இளைப்பாறிய நாளிலிருந்து நானும் அப்படித்தான் இருந்தேன்.

அன்று நீங்கள் சொன்ன இரண்டு வரியும் இன்னும் என் காதில் இருக்கின்றன. "தலையில இருந்து வாலுக்குத் தடவுங்க, முள் எழும்பி விரலக் கடிக்கும். இழுக்கக்குள்ள தலப் பக்கமா இழுங்க, சத கிழியாது."

வீட்டில் நான் அதோடு என் முறையையும் சேர்த்துக்கொண்டேன். எடுத்த முட்களை வெள்ளைப் பீங்கான் தட்டின் இரண்டு பக்கமும் தனித்தனியே வைத்து எண்ணுவேன். மீனின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் அமைந்திருக்கும். இரு தொகையும் ஒத்துவந்தால் ஒன்றும் மிஞ்சவில்லை என்று எடுத்துக்கொண்டேன். முதல் தடவை முதுகு வரிசை இரண்டு பக்கமும் சமமாக வந்தபோது, பரீட்சையில் தேறிய பிள்ளைபோல இருந்தது எனக்கு. பாலாணம் வைத்தேன். அவள் சோற்றோடு பிசைந்து ஒரு கோப்பையை வெறுமையாக்கினாள். கடைசி வாயை விழுங்கிவிட்டு, "உப்புக் குறைவு," என்றாள். மறுநாள் நான் அதைச் சொன்னபோது நீங்கள் மேசையில் தட்டிச் சிரித்தீர்கள். "உப்பில குறை சொன்னா ஆள் சுகமாகுறா எண்டு அர்த்தம் சேர்."

ஆறு கிழமை அப்படிப் போனது. நிறை கூடியது.

ஏழாவது கிழமை நடந்ததை நான் உங்களிடம் முழுவதாகச் சொன்னதில்லை. பாதி அவள் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும். அன்றும் இரண்டு பக்கமும் சமமாக எண்ணினேன். மூன்றாவது வாயில் அவள் இருமினாள். பிறகு இருமலும் வரவில்லை. முகம் சிவந்து, கண் என்னைப் பார்த்து நின்றது. நான் எழுந்து நின்றேன். கை இரண்டும் பக்கத்தில் தொங்கிக் கிடந்தன. என்ன செய்ய வேண்டுமென்று தெரியும், வகுப்பில் படிப்பித்துமிருக்கிறேன். ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. அவள்தான் முன்னால் குனிந்து, இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்து, நெஞ்சை அதில் மோதி மோதி இருமி அதை வெளியே எடுத்தாள். ஒரு முழு முள். துடைக்கும் துணியில் கிடந்தது.

பீங்கானை இன்னும் கழுவியிருக்கவில்லை. வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். இடப்பக்கத்துக் குவியலில் இரண்டு துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தின. இழுக்கும்போது ஒரு முள் நடுவால் முறிந்திருக்கிறது. இரண்டு துண்டையும் இரண்டு முள் என்று எண்ணியிருக்கிறேன். அதனால்தான் தொகை சரியாக வந்தது, ஒரு முள் உள்ளேயே நின்றுவிட்டது. இப்படி ஒரு பிழையை எண்ணத் தெரியாதவன் விடமாட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதன் பிறகு நான் சந்தைக்கு வரவில்லை. சாவணத்தைப் பெட்டியில் வைத்து மூடினேன். மறுபடியும் பூசணிக்காய். "மீன் வாங்கல்லயா?" என்று அவள் கேட்பாள். "நல்ல மீன் இல்லை," என்பேன். நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் மெல்ல மெல்லக் கேட்பதையும் சாப்பிடுவதையும் நிறுத்தினாள். கொப்பியில் நிறை மறுபடி இறங்கியது. முள் கொடுத்து அவளைக் கொன்றுவிடுவேனோ என்ற பயத்தில், பட்டினி போட்டுக் கொன்றுகொண்டிருந்தேன். அதுவும் தெரிந்தே நடந்தது.

நான்காவது வெள்ளிக்கிழமை பின்னேரம் நீங்கள் வந்தீர்கள். ஜும்ஆத் தொழுகை முடித்து, வெள்ளைச் சட்டையோடு, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏறாவூரிலிருந்து வந்திருந்தீர்கள். வெள்ளிக்கிழமையில் உங்கள் மேசைக்கு ஓய்வு. எங்கள் வீட்டிலோ வெள்ளிக்கிழமை மரக்கறி நாள். வாசற் படலைக்குள் மீனே வருவதில்லை. அது உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

"சேருக்கு மீன் பிடிக்காமப் போச்சா, இல்லாட்டி மீன் வெட்டுறவனப் பிடிக்காமப் போச்சா?" என்று படலையில் நின்று கேட்டீர்கள். உள்ளேயிருந்து என் மனைவி, "அவர் பயந்து போய்க் கிடக்கிறார் தம்பி," என்று நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

நீங்கள் என்னை ஏசுவீர்கள் என்று நினைத்தேன். பெட்டியை இறக்கினீர்கள். "அக்கா, இண்டைக்கு மீன் சமைக்க மாட்டீங்க எண்டு தெரியும். உள்ளுக்குக் கொண்டு வரவுமில்ல. கிணத்தடியில வச்சு வெட்டுவம், ஐஸில போட்டு வைப்பம், நாளைக்குத்தான் ஆணம். சரியா?"

"வெள்ளிக்கிழமையில கிணத்தடியில மீனா?" என்றாள் அவள். சற்று யோசித்தாள். "சரி. சாமிக்கு நான் சொல்லிக்கொள்றன். என்னையும் வெளிய கொண்டு போங்க. இத்தன மாசமா இந்தச் சுவரையும் இவரையும்தான் பாத்துக்கொண்டிரிக்கன்."

சக்கர நாற்காலியைக் கிணற்றடிக்குத் தள்ளிச் சென்றோம். நீங்கள் துவைகல்லின் மேல் பலகையைப் போட்டு, பால்மீனை வைத்து, என் பக்கம் கத்தியை நீட்டினீர்கள். வாங்க என் கை வரவில்லை.

"இண்டைக்கு ஒருத்தரும் தின்னப் போறல்ல சேர்," என்றீர்கள். "பயத்துக்கு இண்டைக்கு லீவு."

இத்தனை வருடத்தில் எனக்கு யாரும் இப்படியொரு விடுமுறை தந்ததில்லை. கத்தியை வாங்கினேன். முதுகால் பிளந்தேன். நடுமுள் வந்தது, விலா முள் வந்தது. கோடு கீறி, சாவணத்தால் ஒவ்வொன்றாக இழுத்தேன். முறிந்த துண்டுகளைப் பொருத்திப் பார்த்தே எண்ணினேன். தொகை ஒத்துவந்தது. ஆனாலும் நான் நிமிரவில்லை. இனி எந்தத் தொகையையும் எப்படி நம்புவது?

நீங்கள் அந்தச் சதையைப் பீங்கானோடு தூக்கி என் மனைவியின் மடியில் வைத்தீர்கள். "அக்கா, சேர்ட கண் எண்ணிட்டு. நீங்க ஒருக்காத் தடவிப் பாருங்க."

"என்ட கை போயிட்டுதே தம்பி."

"போனது வலது கைதானே?"

அவள் தன் இடது கையைப் பார்த்தாள். பிறகு மூன்று விரலைச் சதையின் தலைப்பக்கம் வைத்து வாலை நோக்கி நகர்த்தினாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பாதி தூரத்தில் விரல் நின்றது. "இஞ்ச ஒண்டு கிடக்கு," என்றாள். நான் குனிந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. தடவினேன், ஒன்றும் படவில்லை. அவள் விரல் நின்ற இடத்தில் சாவணத்தை வைத்து இழுத்தேன். முள் வந்தது.

"நாப்பது வருசமா இவருக்கு முள் எடுத்தது வலது கை," என்றாள் உங்களைப் பார்த்து. "முள் எங்க கிடக்கெண்டு தேடிப் பிடிச்சது இந்தக் கைதான் தம்பி. அதுக்கு ஒண்டும் மறக்கல்ல."

"அப்ப இனி நீங்கதான் அக்கா இன்ஸ்பெக்டர். நீங்க சீல் குத்தாம இந்த வீட்டில மீன் அடுப்பில ஏறப்படாது."

நோய் வந்த பிறகு அவள் சத்தமாகச் சிரித்தது அன்றுதான். சனிக்கிழமை சாப்பிடும்போது அவள் பயப்படவில்லை. தன் விரல் பார்த்த மீனைத்தான் அவள் சாப்பிட்டாள். நானும் அவளுக்குப் பக்கத்தில் இருந்து அதே மீனைச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு எத்தனை வெள்ளிக்கிழமைகள். நீங்கள் பெட்டியோடு வருவதும், கிணற்றடியில் நான் வெட்டுவதும், அவள் தடவுவதும், உங்கள் இருவர் வாயிலும் நான் அகப்படுவதும். "ஒரு நாளைக்கு எங்கட வீட்ட வாங்க சேர், உங்களுக்கு நான் முள் எடுத்துத் தாறன்," என்று எத்தனை தரம் கூப்பிட்டீர்கள். வருகிறேன் என்று எத்தனை தரம் சொன்னேன். அரை மணித்தியால பஸ் பயணம். யாருக்காவது தொந்தரவாகிவிடுமோ, என்ன பேசுவதோ என்று ஒவ்வொரு தரமும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். உங்கள் வீட்டு வாசலை முதன்முதலாக நான் மிதித்தது உங்கள் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்த அன்று. எங்கே நிற்பதென்று தெரியாமல் மதிலோரம் நின்றேன். உங்கள் மகள் வந்து, "சேர், உள்ளுக்கு வாங்க. வாப்பா உங்களப் பத்தித்தான் வீட்டில நெடுகக் கதைப்பார்," என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். இதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கிறேன்.

அதன் பிறகு நாங்கள் பால்மீன் வாங்கவில்லை. அவளும் கேட்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள், நீங்கள் பயப்பட வேண்டாம். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் சக்கர நாற்காலி உள்ளேயே நின்றது. நீங்கள் பக்கத்தில் இல்லாமல் என் கை அந்த வேலையைச் செய்யுமென்று எனக்கு நம்பிக்கை இல்லை. புதன்கிழமை கத்தி வந்தது. வியாழன் முழுவதும் அது மேசையில் கிடந்தது. இரவுச் சாப்பாட்டின்போது அவள் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இஞ்ச பாருங்க. அந்த மனிசன் கத்தியச் சும்மா அனுப்பியிரிக்க மாட்டார். நாளைக்கு வெள்ளிக்கிழமை."

இன்று காலை சந்தைக்குப் போனேன். உங்கள் மேசையில் வேறொருவர் நிற்கிறார். பால்மீன் ஒன்றைக் காட்டி நிறுக்கச் சொன்னேன். "வெட்டித் தரவா ஐயா?" என்று கேட்டார். "வேண்டாம், நான் வெட்டுவேன்," என்றேன். சொன்ன பிறகுதான் என் குரல் எனக்குக் கேட்டது. அவர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். நீங்களாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பீர்கள்.

கிணற்றடியில் பலகையைப் போட்டேன். அவளை வெளியே கொண்டுவந்து நிழலில் நிறுத்தினேன். உங்கள் கத்தி என்னுடையதைவிட இலேசு. பிடியில் உங்கள் பெருவிரல் தேய்த்த பள்ளம் இருக்கிறது. என் விரலுக்கு அது சற்றுப் பெரிது. முதுகால் பிளந்தேன். நறநறவென்ற சத்தம் வால்வரை நிற்காமல் கேட்டது. சாவணத்தால் முட்களை எடுத்து வைத்தேன். முறிந்தவற்றைப் பொருத்தினேன். முதுகு வரிசை வலப்பக்கம் நாற்பத்திரண்டு, இடப்பக்கம் நாற்பத்தொன்று. ஒன்றிரண்டு வித்தியாசம் மீனுக்கு மீன் வரலாம் என்று எனக்குத் தெரியும். தடவிப் பார்த்தேன். ஒன்றும் கடிக்கவில்லை. முன்பென்றால் இந்த இடத்தில் ஒன்றும் சொல்லாமல் மீனைத் தூக்கி எறிந்திருப்பேன். இன்று அவளைப் பார்த்துச் சொன்னேன்.

"ஒண்டு குறையுது. எனக்குத் தெரியல்ல."

"இஞ்ச கொண்டு வாங்க," என்றாள்.

பீங்கானை மடியில் வைத்தேன். இடது கை தலையிலிருந்து வாலுக்கு ஊர்ந்தது. இரண்டாவது தடவையில் தலைக்குச் சற்றுப் பின்னால் நின்றது. நான் சாவணத்தை நீட்டினேன். "நில்லுங்க," என்றாள்.

மடியில் கிடந்த அவள் வலது கை மெல்ல எழுந்தது. மாதக்கணக்காக அந்தக் கைக்கு உழுந்தும் பயறும் பொறுக்கும் பயிற்சி நடக்கிறது. பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொடுவதற்குள் பயறு நழுவி ஓடிவிடும். இடது கை இரண்டு விரலால் சதையை அமர்த்திப் பிடித்தது. வலது கை வந்தது. முதல் தரம் வழுக்கியது. இரண்டாம் தரமும். மூன்றாம் தரம் விரல் நடுங்கி வேறு பக்கம் போனது. எடுத்துத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் இருந்தேன். காக்கா, சும்மா நிற்பது இந்தத் தடவை எனக்குச் சரியாக வந்தது. நான்காம் தரம் இரண்டு விரலும் முள் நுனியில் கூடின. இழுத்தாள், தலைப் பக்கமாக. முள் முறியாமல் முழுவதாக வந்தது. அதைப் பீங்கானின் விளிம்புக்கு மேலே கொண்டுபோய் விரலை விரித்தாள்.

மீன் முள் பீங்கானில் விழுந்தால் சத்தம் கேட்குமா என்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால், கேட்காது என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்டது.

"எண்ணுங்க," என்றாள்.

மீன் இப்போது ஐஸில் இருக்கிறது. நாளை சனிக்கிழமை, பாலாணம். உப்பை அவளே பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நாளை மறுநாள் பஸ் எடுத்து ஏறாவூருக்கு வருகிறேன். உங்கள் மகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பால்மீனை முள்ளெடுத்துக் கொண்டுவருவேன். அவளுக்கு மீன் படிப்பித்தவன் மீனைத் தொட்டவன்தான் என்று இப்போதாவது காட்ட வேண்டும். எங்கே நிற்பது, என்ன பேசுவது என்று இன்னும் எனக்குத் தெரியாது. வந்து பார்க்கிறேன்.

இதை எழுதும் முன் கொப்பியைத் திறந்து இன்றைய மீனைக் குறித்துக்கொண்டேன். முதுகு வரிசை, வலப்பக்கம் நாற்பத்திரண்டு. இடப்பக்கம் நாற்பத்திரண்டு. அதற்குப் பக்கத்தில் சிறிதாக எழுதினேன்: ஒன்று அவளுடைய வலது கையால்.